தேனீக்கு வைத்த நாட்டுச்சர்க்கரை

அத்தியாயம் 17

நண்பர் மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போய்த் திரும்பிய ஆத்மநாதன், தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்காமல் கொல்லைப்பக்கம் போனார். முருங்கை மரத்தடியில் இருக்கும் இரண்டு தேனீப் பெட்டிகளின் வாசலிலும் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அதைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரை அப்படியே விட்டுவிட்டுத்தான் போன வாரம் நாம் பிரிந்தோம். பாவம், ஒரு வாரமாக அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும். எழுப்பிவிடுவோம்.

விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்தது. உண்ணாமலை டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் இருந்த துவைகல்லில் வைத்தாள். சீனி போடாத டீ.

"குடிங்க. ராத்திரி பூரா பஸ்ஸுல வந்திருக்கீங்க."

"இது மருந்துதான் உண்ணாமல. சந்தேகமே இல்ல. அந்தா பாரு, மோட்டார் கொட்டகையில மருந்து அடிக்கிற டேங்க் ஈரமா கெடக்கு. மழ விட்ட நேரம் பாத்து அடிச்சிருக்கான்."

அவன் என்றால் ரெங்கராஜ். ஆத்மநாதனின் ஒரே தம்பி. வேலிக்கு அங்கிட்டு இருக்கிற கத்தரித் தோட்டமும் ஓட்டு வீடும் அவனுடையவை. இங்கிட்டு இருக்கிற இருபது சென்ட் இடமும் மாடி வீடும் ஆத்மநாதனுடையவை. நடுவில் கிணறு பொது. அந்தக் கிணற்று மோட்டாரை யார் எந்த நாளில் போடுவது என்பதில் ஆரம்பித்த சண்டையில் அண்ணனும் தம்பியும் ஏழு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

சண்டை போட்டார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. ஆத்மநாதனுக்குச் சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். அது எதிராளிக்கு எத்தனை பெரிய தண்டனை என்பது, வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ரெங்கராஜுக்குத் தெரியும். உண்ணாமலைக்கு ரெங்கராஜைவிட நன்றாகவே தெரியும்.

இந்த வருடம் சித்திரையில் அவர் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். மறுநாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒரு "ம்". அதுவும் சில நாள் கிடையாது. சத்துணவு அமைப்பாளர் வேலையில் அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்துவிட்டு வருகிற உண்ணாமலை, வீட்டுக்கு வந்தால் தன் செருப்புச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நடந்தாள்.

பழைய நடத்துநர் ஒருவர் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குடுமியான்மலைக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தார் ஆத்மநாதன். பெட்டியோடு பேச்சும் வந்தது. ராணி இன்றைக்கு எத்தனை அறையில் முட்டை வைத்திருக்கிறது, எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எப்படி என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரே பேச்சு. உண்ணாமலைக்குத் தேனீயின் மேல் எந்த ஆசையும் கிடையாது. ஆனாலும் கேட்டாள். சுவரைப் பார்க்கிற புருஷனைவிடத் தேனீயைப் பற்றிப் பேசுகிற புருஷன் எவ்வளவோ மேல்.

தம்பியோடு பேச வைத்ததும் அந்தத் தேனீதான். ஆடி மாதம் ஒரு நாள் வேலியோரம் போய் நின்று, "கத்தரிக்கு மருந்து அடிக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லு. நான் பெட்டிய மூடிக்கிறேன்" என்றார். ஏழு வருடத்தில் முதல் பேச்சு. "சரிண்ணே" என்றான் ரெங்கராஜ். வேலியில் ஆள் போகிற அளவுக்கு ஒரு வழி விழுந்தது அதற்குப் பிறகுதான்.

"சொல்லாம அடிச்சிட்டான் பாத்தியா" என்றார் இப்போது.

"தம்பி வரட்டும், கேட்டுக்கலாம். கேக்காம நீங்களா ஒண்ணு நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம வளைகாப்ப வச்சுக்கிட்டு..."

ஆத்மநாதன் டீயைத் தொடாமல் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு ஏழு வருடம் ஆரம்பித்துவிடுமோ என்றிருந்தது அவளுக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் சுடர்விழிக்கு வளைகாப்பு. இவர்களுக்கு ஒரே மகள். உண்ணாமலை வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியதும் சடை பின்னியதும் ரெங்கராஜின் மனைவி சந்தனம். ஆனால் சுடர்விழி கல்யாணத்துக்குச் சித்தப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை. எல்லாம் அந்த மோட்டார் செய்த வேலை. மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகம் உண்ணாமலைக்கு இன்னும் மறக்கவில்லை. "முதல் வளையல் சித்திதான் போடணும்மா. இந்தத் தடவ ஏமாத்தினீங்க, நான் மணையிலயே உக்கார மாட்டேன்" என்று பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது உண்ணாமலை பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். முன்பலகையில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை. செத்த தேனீக்களின் வயிறு உப்பியிருந்தது. அந்தப் பழுப்பு நிறம் அவளுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

சைக்கிளை மிதித்துப் பாதி வழி போனபோதுதான் எங்கே பார்த்தோம் என்று உறைத்தது. அவளுடைய சமையலறையில்.

ஊருக்குப் போகும்போது ஆத்மநாதன் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம், வெளியில் பூ இல்லை, தேனீ பட்டினி கிடக்கும். கொட்டாங்குச்சியில் சீனியைக் கரைத்துப் பெட்டிக்குள் வை. மேலே நாலு ஈர்க்குச்சியைப் போடு, இல்லாவிட்டால் குடிக்க வருவது முங்கிச் செத்துப்போகும். உண்ணாமலையும் அவருடைய வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து வைத்தாள். ஆனால் டப்பாவில் அடியில்தான் சீனி இருந்தது. மறுநாளே தீர்ந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மனிதர்களுக்குச் சீனி கிடையாது. தேனீக்கு மட்டும்தான் வாங்குவது. அன்றைக்கு மழையானால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சமையல்காரம்மா வராததால் பள்ளிக்கூடத்தில் அவளே முட்டை அவித்து, சாம்பார் வைத்து, பாத்திரமும் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தாள். முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. கடை மெயின் ரோட்டில். அலமாரியில் அவருக்காக வாங்கி வைத்த நாட்டுச்சர்க்கரை இருந்தது, ரசாயனம் சேராத சுத்தமான சரக்கு. மனிதனுக்கே நல்லது என்று டிவி முதல் பக்கத்து வீடு வரை எல்லோரும் சொல்வது. தேனீக்கு நல்லதாக இருக்காதா? கரைத்து வைத்தாள். சீனியைவிட உசத்தியானதை வைத்தோம் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும், பயிற்சி கொடுத்த அன்புமொழிக்குப் போன் போட்டாள். பெட்டியைப் பார்க்க இரண்டு தடவை வீட்டுக்கு வந்த பெண்.

"ஒரு சந்தேகம்மா. தெரிஞ்சவங்க ஒருத்தங்க, பெட்டிக்கு நாட்டுச்சர்க்கரை கரைச்சு வச்சிட்டாங்களாம்..."

"அய்யய்யோ. அதெல்லாம் வைக்கவே கூடாதுக்கா. வெள்ளச் சீனி மட்டும்தான். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எதுவுமே தேனீக்குச் செரிக்காது. வயித்தால போகும். அதுவும் மழையில வெளிய பறக்க முடியாம உள்ளயே கழிஞ்சு, மொத்தக் கூட்டத்துக்கும் பரவிடும்."

"மனுசருக்கு நல்லதுன்னு..."

"நமக்கு நல்லது, அதுக்கு வெஷம்க்கா. ஒடனே எடுத்துட்டு, அடிப்பலகையச் சுத்தம் பண்ணி, சீனிப்பாகு வைக்கச் சொல்லுங்க. தப்பினது தப்பும். இல்லாட்டி மிச்சம் இருக்கிறதும் பெட்டிய விட்டு ஓடிடும்."

உண்ணாமலை போனை வைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? அவர் திட்ட மாட்டார். திட்டினால் பரவாயில்லையே. மறுபடியும் நாற்காலி, மறுபடியும் சுவர். இன்னொரு தடவை அதைத் தாங்கத் தன்னால் ஆகாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லாவிட்டால்? அந்தப் பேசாமை அப்படியே வேலி தாண்டி ரெங்கராஜ் மேல் விழும். ஞாயிற்றுக்கிழமை மகள் மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆக, ஒருத்தர் தலையில் அது விழுந்தே தீரும். யார் தலையில் என்பதுதான் கேள்வி.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். என் தலையிலேயே விழட்டும் என்றுதான் கிளம்பினாள். அந்தத் தைரியம் வீடு போய்ச் சேரும் வரைக்கும் இருக்க வேண்டுமே என்று சைக்கிளை வேகமாக மிதித்தாள்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

வேலிக்கு அங்கிட்டு ரெங்கராஜ் மருந்து டேங்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்னவாசல் சந்தைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருப்பான் போல, சட்டைகூட மாற்றவில்லை. இங்கிட்டு ஆத்மநாதன்.

"மோந்து பாருண்ணே. மோந்துட்டுப் பேசு. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்தான். ஒன் பெட்டி வந்ததுலேர்ந்து கடை மருந்து ஒரு சொட்டு அடிச்சிருப்பனா?"

"அடிச்சவன் அடிச்சேன்னா சொல்வான்?"

ரெங்கராஜ் குனிந்து செடியில் இருந்து ஒரு கத்தரிக்காயைப் பறித்து இரண்டாகப் பிட்டான். உள்ளே புழு நெளிந்தது. இன்னொன்றைப் பிட்டான். அதிலும் புழு.

"பாத்துக்க. தோட்டம் பூரா இப்படித்தான் கெடக்கு. சந்தையில ஒரு பய கையால தொடல. மருந்து அடிச்சா இந்தப் புழு இருக்குமா? ஒரு தடவ அடிச்சுத் தொலைன்னு சந்தனம் தெனமும் கத்துறா. எங்க அண்ணன் வாயத் தொறந்து கேட்டிருக்கு, அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அந்தக் கத்தரிக்காயைப் பார்த்த பிறகாவது ஆத்மநாதன் நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்தவில்லை.

"ஒன் கதையெல்லாம் எனக்கு வேணாம். ஞாயித்துக்கெழம நீயும் வர வேணாம், ஒன் பொண்டாட்டியும் வர வேணாம். இத்தோட சரி."

உண்ணாமலை சைக்கிளை ஸ்டாண்ட் போடவில்லை. அப்படியே சாய விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தம்பி மேல தப்பு இல்லங்க. நாந்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"சீனி தீந்துபோச்சு. கடைக்குப் போக ஒடம்பு ஏலல. ஒங்களுக்கு வாங்கி வச்ச நாட்டுச்சர்க்கரையக் கரைச்சு வச்சேன். அதைக் குடிச்சுத்தான் அம்புட்டும் செத்திருக்கு. இப்பத்தான் அன்புமொழிகிட்ட கேட்டேன். என்னைய என்ன சொல்லணுமோ சொல்லுங்க. பேசாம இருக்கணும்னாலும் இருந்துக்கங்க. தம்பிய விட்டுருங்க."

மூச்சு வாங்கியது அவளுக்கு. ஆத்மநாதன் அவளைப் பார்க்கவில்லை. வேலிக்கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ பள்ளிக்கொடம் போனதும் பெட்டியத் தொறந்து பாத்தேன். கொட்டாங்குச்சியில பழுப்பா, பிசுபிசுன்னு இருந்துச்சு. வாசம் வேற. எடுத்துக் கொட்டிட்டு, பலகையெல்லாம் கழுவி, சீனிப்பாகு வச்சிட்டேன். ராணி ரெண்டும் உசுரோடதான் இருக்கு."

ரெங்கராஜ் டேங்கை மெதுவாகக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் என்னையப் பேசுன?"

ஆத்மநாதன் வேலிக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். உண்ணாமலை விடவில்லை.

"கேக்குறாருல்ல, சொல்லுங்க. தப்புப் பண்ணவ நானு. என்ட்ட கோவிச்சுக்க வேண்டியதுதான? அவரை எதுக்குப் பேசுனீங்க?"

"ஒன்ட்ட கோவிச்சுக்கிட்டா..." செருமிக்கொண்டார். "எனக்குக் கோவம் வந்தாப் பேச்சு நின்னுபோகுது உண்ணாமல. நானா நிறுத்துறது இல்ல, அதுவா நின்னுபோகுது. ஒன்ட்டயும் பேசாமப் போயிட்டா இந்த வீட்டுல நான் யாருட்டப் பேசுவேன்? சித்திரையில இருந்த மாதிரி இன்னொரு தடவ இருக்க எனக்குப் பயமா இருக்கு. வந்த கோவத்த எங்கிட்டாவது எறக்கணும்ல. இவன்ட்டப் பேசாம இருந்து பழக்கந்தான..."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வேலிக்கம்பியில் இருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ரெங்கராஜ் கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் உண்ணாமலைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒனக்குப் பழகிருச்சு" என்றான். "எனக்குப் பழகலண்ணே. ஏழு வருசத்துல ஒரு நாளும் பழகல."

டேங்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புழுப் பிடித்த செடிகளுக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போனான்.

"ரெங்கா" என்றார் ஆத்மநாதன். அவன் திரும்பவில்லை.

உண்ணாமலை சாய்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தினாள். கண் கலங்கியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள். குரல் உயரவில்லை.

"நீங்க அங்க போயி, ரெண்டு பேரையும் வாங்கன்னு கூப்புடுங்க. நான் பயந்தது போதும், ஒங்க பயத்துக்கும் சேத்து நான் பாக்க முடியாது. நீங்க கூப்புடுற வரைக்கும் நான் பேச மாட்டேன். இதுதான் நான் பேசுற கடைசிப் பேச்சு."

உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஆத்மநாதன் பேசிய பேச்சை அவர் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் பேசியிருக்க மாட்டார். "பெட்டியில மூணு சட்டத்துல தேனீக் குஞ்சுப் புழு நல்லா இருக்கு, கூட்டம் தப்பிச்சுக்கும்" என்றார். "நாட்டுச்சர்க்கரை விஷயம் நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், ஒன் மேல தப்பு இல்ல" என்றார். "முழங்காலுக்குத் தைலம் தேச்சியா?" என்றார். சமையலறை வாசலில் நின்று பேசினார், குழாயடியில் நின்று பேசினார். உண்ணாமலை கீரை ஆய்ந்தாள், உலை வைத்தாள், துணி மடித்தாள். அவள் வீம்புக்காகப் பேசாமல் இருக்கவில்லை. பேச எடுத்தால் அதற்கும் சேர்த்து உடம்பு வலிக்கும் போல இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் பேச்சும் தேய்ந்து நின்றது. பேசாமல் இருக்கிறவர் வீட்டில் குடித்தனம் செய்வது எப்படி இருக்கும் என்று ஆத்மநாதன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுபடியும் தூற ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"சுடர்விழி கூப்புடுது" என்று போனை அவளிடம் நீட்டினார். உண்ணாமலை ஏறிட்டுப் பார்த்தாள். வாங்கவில்லை. அரிவாள்மனையைக் கழுவப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் அவரே எடுத்தார்.

"அப்பா, நீயா? அம்மா எங்க? சரி, நீயே கேளு. சித்திக்குப் புடவை எடுத்துட்டேன்ப்பா. அரக்குக் கலர். முதல் வளையல் போடுறப்ப அதத்தான் கட்டிக்கணும். சித்திக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குது. ஏதும் கோவமா?"

"கோவம்லாம் இல்லம்மா."

"அப்ப போனச் சித்திட்டக் கொண்டுபோய்க் குடு. புடவை விஷயத்த நானே சொல்றேன். ரெண்டு எட்டுத்தான?"

ஆத்மநாதன் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை மறந்து, காதில் போனோடு தூறலில் இறங்கினார். வேலியில் விழுந்திருந்த வழியாக நுழைந்தார். கத்தரிச் செடிகள் ஈரமாக வேட்டியில் உரசின.

ஓட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. வாசல்படியில் சந்தனம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

உள்ளே இருந்து ரெங்கராஜின் குரல் கேட்டது. "கதவச் சாத்து."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஆத்மநாதன் படிக்குக் கீழே நின்றார். மழை கனத்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டினால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா, போயிட்டியா? சித்திட்டக் குடுப்பா" என்றாள் சுடர்விழி.